ஸ்டென்ட் வைத்தும் வலி: ஒரே படத்தில் சிக்காத அடைப்பு

“ஸ்டென்ட் வச்சாச்சே டாக்டர், அப்புறமும் ஏன் வலிக்குது?”

இதயநோய்ப் பிரிவு ஓபியில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். கேட்பவர் கையில் தடித்த ஃபைல் ஒன்று இருக்கும். பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, உறை கிழிந்த ஒரு ஆஞ்சியோ டிஸ்க். மாத்திரையை ஒரு வேளை கூடத் தவறவிடாதவர், சிகரெட்டைத் தலைமுழுகியவர். அப்படியிருந்தும் மாடிப்படி ஏறும்போது பழைய இறுக்கம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. வைத்த ஸ்டென்ட்டில் ஏதோ கோளாறு என்றுதான் அவர் நினைக்கிறார். சில பேருக்கு அது சரி. சில பேருக்கு ஸ்டென்ட் பளிச்சென்று திறந்திருக்கும், கோளாறு வேறு எங்கோ இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிவது பார்ப்பவர்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

எவ்வளவு கடினம் என்பதற்கு 2011இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வு நல்ல சாட்சி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாரடைப்போ, அதை ஒட்டிய நிலையோ வந்து ஸ்டென்ட் சிகிச்சை பெற்ற 697 பேரை கிரெக் ஸ்டோன் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சை முடிந்த கையோடு, இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக்குழாய்களுக்குள்ளும் அல்ட்ராசவுண்ட் குழலை விட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் நோய் திரும்பியது. சிகிச்சை செய்த அதே இடத்தில் வந்தது 12.9 சதவீதம் பேருக்கு. முன்பு கை வைக்காத வேறு இடத்தில் வந்தது 11.6 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

அந்த வேறு இடங்கள் முதல் ஆஞ்சியோவில் எப்படித் தெரிந்தன? சராசரியாக 32 சதவீத அடைப்பு, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் “மைல்டு” என்று எழுதிவிட்டு யாரும் தாண்டிப் போகும் அளவு. பின்னால் தொல்லை கொடுத்தது அதுதான்.

ஆஞ்சியோகிராம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அது ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்பதும் புரியும். 1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ், வால்வு நோயுள்ள 26 வயது இளைஞர் ஒருவருக்கு மகாதமனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சாயத்தைச் செலுத்தும் நொடியில் குழலின் நுனி வழுக்கி, வலது இதயத் தமனியின் வாய்க்குள் போய்விட்டது. சுமார் 30 மில்லி சாயம் நேராக அந்தச் சின்னக் குழாய்க்குள் பாய்ந்தது. அப்படி நடந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். இதயம் நின்றேபோனது. சோன்ஸ் இருமச் சொல்லிக் கத்தினார். இளைஞர் இருமினார், துடிப்பு திரும்பியது. இதயத் தமனிக்குள் தனியாகச் சாயம் ஏற்றிப் படம் எடுக்கலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது அந்த விபத்தில்தான்.

அன்றிலிருந்து இன்றுவரை ஆஞ்சியோ காட்டுவது ஒன்றைத்தான்: ரத்தம் ஓடும் பாதையின் நிழல். பாதையைச் சுற்றியிருக்கும் சுவரை அது காட்டாது. பழைய தண்ணீர்க் குழாயில் உப்பு படிந்து துவாரம் குறுகுவதைப் போலத்தான் இதய அடைப்பும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தக்குழாய் இரும்பு இல்லையே, அது உயிருள்ள சதை. கொழுப்பு சேரச் சேரத் தன் சுவரை வெளிப்பக்கமாக விரித்துக்கொடுக்கும். சிகாகோவின் சேமூர் கிளாகோவ் இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்து 1987இல் இதை நிறுவினார். சுவருக்குள் இருக்கும் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைக் கொழுப்புப் படிவு பிடித்துக்கொள்ளும் வரை, உள்பாதை பெரிதாகக் குறுகுவதே இல்லை. அதாவது சுவர் முழுக்க நோய் ஊறிப்போயிருந்தாலும் நிழல் சீராகத்தான் விழும். ப்ராஸ்பெக்ட் கண்ட அந்த 32 சதவீத இடங்களின் ரகசியம் இதில் இருக்கிறது.

நோய் திரும்பி வருவது, அடைத்த குழாயை உள்ளிருந்து விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் புதிய சங்கதி இல்லை, கூடவே பிறந்தது. ஜெர்மானியரான ஆந்த்ரேயாஸ் குருன்ட்சிக், சூரிக் நகரில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பலூன் குழல்களைச் செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16 அன்று முதல் நோயாளியின் இதயத் தமனியை அதைக் கொண்டு விரித்தார். பத்து ஆண்டு கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. எல்லோருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. வெறும் பலூன் காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கியது. குருன்ட்சிக் பிறகு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் பயின்று வந்த மேத்யூ சாமுவேல் களரிக்கல்தான் 1980களின் நடுவில் சென்னையில் ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கி, இந்தியா முழுக்க அதைப் பரப்பியவர்.

சுருங்குவதைத் தடுக்க 1986இல் உலோக ஸ்டென்ட் வந்தது. சுருக்கம் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. உலோகத்தைக் கண்ட சுவர், ஆறாத புண்ணில் தழும்பு வளர்வதுபோல் உள்ளே திசுவை வளர்த்தது. 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் வந்தன. முதலில் வந்ததில் பூசப்பட்ட மருந்து சிரோலிமஸ். பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்று தந்தது அது. கனடாவில் அதைப் பிரித்தெடுத்து, கம்பெனி கைவிட்ட பின்னும் விடாமல் காப்பாற்றியவர் சுரேந்திர நாத் சேகல் என்ற இந்திய விஞ்ஞானி. இதய மருத்துவத்தில் அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும். அந்த மருந்தால் ஸ்டென்ட்டுக்குள் அடைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை கோடிகளில் ஏறிவிட்டதால், குறைந்த விகிதமே பெரிய கூட்டமாகிவிட்டது. இன்று ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில் படுக்கிறவர்களில் கணிசமானவர்கள் ஏற்கெனவே ஸ்டென்ட் உள்ளவர்கள்.

ஸ்டென்ட்டுக்குள் அடைப்பு என்று ஆஞ்சியோவில் தெரிந்துவிட்டால் கதை முடிந்ததா? அங்கேதான் தொடங்குகிறது. ஏன் அடைத்தது என்பதற்குக் குறைந்தது மூன்று விடைகள் உண்டு. மூன்றும் நிழலில் ஒரே மாதிரி தெரியும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு.

இதைப் பிரித்துக் காட்டுவது குழாய்க்குள்ளேயே போய் எடுக்கும் படம். அதில் இரண்டு வகை. ஐவஸ் என்பது ஒலியலையில் இயங்குவது. ஓசிடி என்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இயங்குவது. ஓசிடி எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அது முடிந்துபோகும் வேகம்தான் முதலில் ஆச்சரியப்படுத்தும். மணிக்கட்டு வழியாக ஏற்கெனவே உள்ளே போயிருக்கும் மெல்லிய கம்பியின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள குழலை ஏற்றுகிறார்கள். ஒளியால் ரத்தத்தை ஊடுருவிப் பார்க்க முடியாது என்பதால், சாயத்தை வேகமாக அடித்து ரத்தத்தை ஒரு கணம் விலக்குகிறார்கள். அந்த இடைவெளிக்குள் குழல் தானாகப் பின்னோக்கி ஓடி வந்துவிடுகிறது. இரண்டு மூன்று நொடி, அவ்வளவே. ஏழு சென்டிமீட்டர் நீளக் குழாயின் குறுக்குவெட்டுகள் வரிசையாகத் திரையில் வந்து நிற்கின்றன.

திரையில் வட்டம் வட்டமாகத் தெரியும். ஸ்டென்ட்டின் ஒவ்வொரு கம்பியும் பளீரென்ற ஒரு புள்ளி, அதன் பின்னால் கருப்பு நிழல். புள்ளிகளின் வளையத்துக்கு உள்ளே சீரான வெளிர் சாம்பல் அடுக்கு ஒன்று தடித்திருந்தால், அது தழும்புத் திசு. அந்த அடுக்கு மங்கலாகி, விளிம்பு கரைந்து, பின்னால் இருக்கும் கம்பிகளே தெரியாமல் மறைந்துவிட்டால், உள்ளே புதிதாகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதாவது ஸ்டென்ட்டுக்குள்ளேயே அதே நோய் முதலிலிருந்து பிறந்திருக்கிறது. ஸ்டென்ட் வைத்துச் சில ஆண்டுகள் கழித்து வருகிறவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. திடீரென வெடித்து மாரடைப்பை உண்டாக்கும் ஆபத்தும் இதற்கு உண்டு. மூன்றாவது விடை எல்லாவற்றிலும் வருத்தமானது: புள்ளிகளின் வளையமே சின்னதாக இருக்கும், அல்லது ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். முதல் நாளே ஸ்டென்ட் முழுசாக விரியவில்லை. பெரும்பாலும் வெளியே இருக்கும் சுண்ணாம்புப் படிவு அதை விரியவிடாமல் பிடித்திருக்கும்.

ஓசிடியின் கூர்மை 10 முதல் 15 மைக்ரான். ஐவஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு மங்கல். ஆனால் ஓசிடியின் ஒளி சுவருக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் போகும். ஒலியலை இன்னும் ஆழமாகப் போகும், குழாயின் வெளி எல்லைவரை காட்டும். அந்தக் குழாய்க்கு உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் ஸ்டென்ட் பொருந்தியிருக்க வேண்டும் என்று ஐவஸ் அளந்து சொல்லிவிடும். அதற்குக் கூடுதல் சாயமும் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது பெரிய உபகாரம். ஒன்றின் குறையை மற்றது இட்டு நிரப்புவதால், சிக்கலான கேஸ்களில் இரண்டையும் துணைக்கு வைத்துக்கொள்ளும் மருத்துவர்கள் உண்டு.

விடை தெரிந்தால் வழியும் தெரிகிறது. விரியாத ஸ்டென்ட்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட்டைத் திணிப்பதால் பயனில்லை, அதுவும் விரியாது. முதலில் உயர் அழுத்த பலூனாலோ அதிர்வலையாலோ சுண்ணாம்பை உடைக்க வேண்டும். தழும்புத் திசுவுக்கு மருந்து பூசிய பலூன் போதலாம், இன்னோர் உலோக அடுக்கு தேவையில்லை. அமெரிக்காவில் 600 பேரிடம் நடந்த ஏஜென்ட் ஆய்வு 2024இல் வெளியானது. ஸ்டென்ட்டுக்குள் அடைப்பு வந்தவர்களுக்குச் சாதா பலூன் போட்டதில், ஓராண்டுக்குள் 28.6 சதவீதம் பேருக்கு அந்த இடம் மறுபடி தொல்லை கொடுத்தது. மருந்து பூசிய பலூனில் அது 17.9 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனால் ஆறில் ஒருவருக்கு மேல் இன்னமும் திரும்பி வருகிறது என்பதையும் அந்த எண் சொல்கிறது. ஒரு முறை தோற்ற ஸ்டென்ட் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். உள்ளே படம் எடுக்காமல் ஸ்டென்ட்டின் மேல் ஸ்டென்ட்டாக அடுக்கும் வழக்கம் எங்கே நடந்தாலும் தவறு என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது வரை சொன்னது கேத் லேபுக்குள் நடப்பது. ஆனால் வலி என்று வருகிற எல்லோரையும் உடனே மேசையில் ஏற்றிவிட முடியாது. வெளியிலிருந்தே பார்க்கும் ஸ்கேன்கள் எதற்கு இருக்கின்றன?

அங்கே ஒரு சங்கடம். முதல் முறை நோயைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும் ஸ்கேன்கள், இரண்டாம் முறை தடுமாறுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் நடந்த பசிபிக் ஆய்வுகள் இரண்டும் இதை அருகருகே வைத்துக் காட்டின. முதலாவது 2017இல் வெளியானது. முன்பு இதய அடைப்பு என்று அறியப்படாத 208 பேருக்கு சிடி ஆஞ்சியோ, தசையின் ரத்த ஓட்டத்தைக் கதிரியக்கத்தால் காட்டும் ஸ்பெக்ட், பெட் ஆகிய மூன்றையும் எடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் தமனிக்குள் அழுத்தக் கம்பியை விட்டு, எந்த அடைப்பு உண்மையில் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று அளந்து ஒப்பிட்டார்கள். பெட் 85 சதவீதம் சரி. ஸ்பெக்ட் 77, சிடி 74. இரண்டாவது 2022இல் வந்தது. இதில் ஏற்கெனவே மாரடைப்பு வந்த, அல்லது ஸ்டென்ட் வைத்த 189 பேர். பெட் 75க்கு இறங்கியது. ஸ்பெக்ட் 65. எம்ஆர்ஐ 64.

காரணங்கள் பல. செத்துப்போன தசையில் ரத்த ஓட்டம் எப்போதும் குறைவு, அது புது அடைப்பா பழைய தழும்பா என்று பிரிப்பது சிரமம். அடைபட்ட குழாயைச் சுற்றிப் பக்கவழிக் குழாய்கள் வளர்ந்திருக்கும். சர்க்கரை நோயும் பல ஆண்டு ரத்தக்கொதிப்பும் நுண்குழாய்களைக் கெடுத்திருக்கும். சிடியில் உலோகம் ஒளிர்ந்து, உள்ளே இருப்பதை மறைக்கும். ஸ்டென்ட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ளது என்றால் சாதாரண சிடியை நம்ப முடியாது. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் எண்ணும் சிடி கருவிகள் இந்தத் தடையைத் தளர்த்தத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கருவி எட்டாத ஊர்கள்தான் அதிகம்.

அப்படியென்றால் இரண்டு மூன்று ஸ்கேனைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? முதல் பசிபிக் ஆய்விலேயே அதைச் செய்து பார்த்தார்கள். பெட்டோடு சிடியைச் சேர்த்தால் 84 சதவீதம். பெட் மட்டுமே 85! கூட்டியதில் மொத்தத் துல்லியம் ஏறவே இல்லை. தவறாக “நோய் உண்டு” என்று சொல்வது குறைந்தது, அதற்கு விலையாக இருக்கும் நோயைத் தவறவிடுவது கூடியது. ஸ்கேன்களைச் சேர்ப்பது பற்றிப் பேசும் யாரும் முதலில் விழுங்கவேண்டிய கசப்பு மருந்து இதுதான். எல்லாவற்றையும் எடுத்துக் குவிப்பதில் லாபமில்லை. ஒரு ஸ்கேன் எழுப்பும் கேள்விக்கு இன்னொன்று விடை சொல்லும்படி கோத்தால் மட்டுமே லாபம்.

சிடி கேட்பது: குழாய் எங்கே, எவ்வளவு குறுகியிருக்கிறது? பெட் கேட்பது: தசைக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா? இரண்டும் ஒன்றல்ல என்பதை அழுத்தக் கம்பி ஆய்வுகள் காட்டிவிட்டன. ஃபேம் ஆய்வில், கண்ணுக்கு 50 முதல் 70 சதவீத அடைப்பாகத் தெரிந்த இடங்களில் ஓட்டத்தை உண்மையில் தடுத்தவை 35 சதவீதம் மட்டுமே. மூன்றில் இரண்டு சாதுவானவை.

பெட் எடுக்கிற நாளில் நோயாளி முதலில் கேட்பது, காபி ஏன் கூடாது என்பதைத்தான். முந்தைய நாளிலிருந்தே காபி, டீ எல்லாவற்றுக்கும் தடை. குழாய்களை விரியச் செய்ய ஏற்றும் அடினோசின் மருந்தை காஃபின் வேலை செய்யவிடாது, மொத்த ஸ்கேனும் வீணாகிவிடும். முதலில் ஓய்வில் ஒரு படம். பிறகு மருந்து ஏறும்போது முகம் சிவக்கும், நெஞ்சு கனக்கும், மூச்சு வேகமாகும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். உடலுக்குள் செலுத்தும் ரூபிடியம்-82இன் அரை ஆயுள் 75 நொடிதான். அதனால் கதிரியக்கம் உடலில் தங்குவதில்லை, ஓய்வுப் படத்தையும் அழுத்தப் படத்தையும் அடுத்தடுத்து எடுத்துவிடலாம். ஒவ்வொரு கிராம் தசைக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகிறது என்று எண்ணாகவே தருவதுதான் பெட்டின் பலம். நல்ல இதயத்தில் மருந்து ஏறியதும் அந்த எண் மூன்று மடங்குக்கு மேல்கூட உயரும். இரண்டு மடங்கைக்கூட எட்டாவிட்டால் கவலைப்பட வேண்டும்.

எண்ணாகத் தருவதில் என்ன பெருமை? ஸ்பெக்ட் ஒரு பகுதியை மற்ற பகுதியோடு ஒப்பிட்டுத்தான் குறையைச் சொல்லும். மூன்று குழாய்களிலும் ஒரே அளவு மோசம் என்றால் இதயம் முழுவதும் ஒரே நிறத்தில் தெரியும், ரிப்போர்ட் “நார்மல்” என்று வந்துவிடும். இப்படி ஏமாந்த கதைகள் இதயவியலாளர்களிடம் நிறைய உண்டு.

சிடியும் பெட்டும் கைகோக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஒருவரை எடுத்துக்கொள்வோம். 58 வயது, சர்க்கரை நோய், நான்கு ஆண்டு முன்பு முன்பக்கத் தமனியில் ஸ்டென்ட், இப்போது நடந்தால் வலி. பெட்டில் முன்சுவரில் மட்டும் ஓட்டம் குறைந்து, சிடியில் ஸ்டென்ட்டின் முனையில் குறுக்கம் தெரிந்தால், கேத் லேபுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. உள்ளே போனதும் ஓசிடி எடுக்கலாம். அதே ஆளுக்கு பெட்டில் பின்சுவர் குறைந்து, ஸ்டென்ட் பகுதி நன்றாக இருந்தால்? ஸ்டென்ட் நிரபராதி. நோய் பெரும்பாலும் வலது தமனியில் புதிதாகக் கிளம்பியிருக்கும். மூன்றாவது சாத்தியமும் உண்டு: எல்லாப் பகுதியிலும் ஓட்டம் பொதுவாகக் குறைவு, சிடியில் பெரிய குழாய்கள் யாவும் திறந்தே இருக்கின்றன. நோய் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில். இவருக்கு இன்னொரு ஸ்டென்ட் வைத்தால் வலி போகாது, மாத்திரையை மாற்றி அமைக்க வேண்டும். பெட்டைத் தனியாகப் பார்த்திருந்தால் மூன்று குழாய் அடைப்போ என்று பயந்திருப்பார்கள். சிடியைத் தனியாகப் பார்த்திருந்தால் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வலியோடு திரும்பி வந்தவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது போன்ற கொடுமை வேறில்லை.

பின்லாந்தின் டுர்க்கு நகரில் இந்த வரிசை நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. முதலில் சிடி. அதில் சந்தேகம் எழுந்தால் மட்டும், கதிரியக்க ஆக்சிஜன் கொண்ட நீரை ஏற்றி பெட். சந்தேகம் இல்லாதவர் சிடியோடு வீட்டுக்குப் போகலாம். கதிர்வீச்சும் செலவும் மிச்சம்.

இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. சிடி நொடியில் முடியும், பெட் பல நிமிடம் ஓடும். அதற்குள் நோயாளி மூச்சுவிடுகிறார், உதரவிதானம் ஏறி இறங்குகிறது. பொருத்தம் சில மில்லிமீட்டர் பிசகினாலே இதயத்தின் விளிம்பு நுரையீரல் மேல் விழுந்து, இல்லாத ஓட்டக்குறைவு ஒன்று படத்தில் முளைக்கும். அமெரிக்காவின் லான்ஸ் கூல்டு குழுவினர் இதைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு அப்படிப்பட்ட பொய்க்குறை தெரிந்தது. படங்கள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று ஒருவர் கண்ணால் சரிபார்த்தே ஆகவேண்டும்.

எம்ஆர்ஐக்கு இந்தக் கூட்டத்தில் தனி இடம். கடோலினியம் என்ற சாயத்தை ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து எடுத்தால், செத்த தசை வெள்ளையாக ஒளிரும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் வெள்ளை என்றால், ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் பகுதி மறுபடி துடிப்பது அரிது என்று 2000இல் ரேமண்ட் கிம் குழுவினர் காட்டினார்கள். ஆனால் உயிரோடிருக்கும் தசையைக் கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் இதயம் மிகவும் தளர்ந்த 700 பேரிடம் நடந்த ரிவைவ்டு ஆய்வு 2022இல் வந்தது. மருந்தோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. படம் அழகாக இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை பலித்துவிடாது.

பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் கணக்கே வேறு. இந்தியாவில் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், கே.எம். செரியன் கையால் நடந்தது. அன்றிலிருந்து எத்தனையோ குடும்பங்களில் காலில் நீளத் தழும்போடு ஒரு தாத்தா இருக்கிறார். காலிலிருந்து எடுத்து வைக்கும் சிரைக்குழாய் பத்து ஆண்டில் ஏறக்குறைய பாதி அடைத்துப்போகும். மார்புக்குள்ளிருந்து திருப்பி வைக்கும் தமனி பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். வலி திரும்பினால் இப்படி வைத்த மாற்றுக்குழாய்களில், அதாவது கிராஃப்ட்களில், எது போயிற்று என்று தேட வேண்டும். கிராஃப்ட்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தெரியாமல் குழலைவிட்டுத் தேடுவது மருத்துவருக்கும் நோயாளிக்கும் சோதனை. நேரம் போகும், சாயமும் போகும்.

லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுவினர் 688 பேரிடம் இதற்கு விடை கண்டார்கள். பாதிப் பேருக்கு ஆஞ்சியோவுக்கு முன்பே சிடி எடுத்து, கிராஃப்ட்களின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஆஞ்சியோ நேரம் சராசரி 39.5 நிமிடத்திலிருந்து 18.6 நிமிடமாகக் குறைந்தது. சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் 27.9 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதம். ஒரு ஸ்கேனைக் கூட்டியதால் மொத்தத் தொல்லை குறைந்தது. கிராஃப்ட் அகலமானது, இதயத்தோடு சேர்ந்து அதிகம் ஆடாது, சுண்ணாம்பும் குறைவு. அதனால்தான் சிடிக்கு அது இவ்வளவு தெளிவாகச் சிக்குகிறது. இப்படி ஒரு சேர்க்கையைத்தான் பயனுள்ள சேர்க்கை என்று சொல்ல வேண்டும். 2023இல் வெளியான இந்த முடிவு, பைபாஸ் நோயாளிகளைப் பார்க்கும் எல்லா இடத்திலும் வழக்கமாக வேண்டும்.

இதெல்லாம் ஏற்கெனவே வலிப்பவருக்கு. நாளை எந்த இடம் வெடிக்கப்போகிறது என்று இன்றே சொல்ல முடியுமா? எடின்பரோவில் டேவிட் நியூபி, மார்க் டிவெக் போன்றோர் இதன் பின்னால் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். சோடியம் ஃபுளோரைடில் கதிரியக்கம் ஏற்றி உடலுக்குள் விட்டால், சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு உருவாகிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் ஒட்டும். பெட் அந்த ஒளிப்பொட்டைக் காட்டும், சிடி அது எந்தக் குழாயில் எந்த வளைவில் என்று சொல்லும். ஒன்றில்லாமல் மற்றது பயனற்றது. 2014இல் மாரடைப்பு வந்த 40 பேரைப் பார்த்தபோது, 37 பேரிடம் மாரடைப்புக்குக் காரணமான இடமே அதிகம் ஒளிர்ந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் மாரடைப்பு வந்த 704 பேரைப் பின்தொடர்ந்த ப்ரெஃபிர் ஆய்வு 2023இல் முடிவைச் சொன்னது. இதயச் சாவு, மாரடைப்பு, திட்டமிடாமல் மறுபடி சிகிச்சை என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒளிப்பொட்டு முன்னறிவிக்கவில்லை. இதயச் சாவையும் மாரடைப்பையும் மட்டும் எடுத்தால், அதோடு தொடர்பு தெரிந்தது. பாதிக் கதவு திறந்திருக்கிறது. தினசரி மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் கைவிடக்கூடாத பாதை.

குழாய்க்குள் எடுக்கும் படங்களின் நிலைமை இதற்கு மாறாக உறுதிப்பட்டுவிட்டது. கொரியாவில் சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரிடம் நடந்த ஆய்வில், ஐவஸோ ஓசிடியோ பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கும், ஆஞ்சியோவை மட்டும் பார்த்து வைத்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கும் அந்தக் குழாய் பின்னர் சிக்கல் தந்தது. இடது பிரதானத் தமனி, கிளை பிரியும் இடம், நீளமான அடைப்பு போன்ற இடங்களில் இப்படி உள்ளே பார்த்து ஸ்டென்ட் வைப்பதற்கு 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் தன் மிக உயர்ந்த பரிந்துரையை வழங்கியது. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று அரசு உச்சவிலை வைத்தபோது எத்தனையோ குடும்பங்கள் மூச்சுவிட்டன. ஆனால் உள்ளே பார்க்கும் குழல் ஒரே ஒருவருக்குப் பயன்படுத்திவிட்டு எறிய வேண்டிய பொருள், விலையும் அதிகம். முதல் ஸ்டென்ட்டைச் சரியாக விரித்திருக்கிறோமா என்று பார்க்கும் செலவு, இரண்டாவது ஸ்டென்ட்டின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும். காப்பீட்டுத் திட்டங்களை வகுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாச் சேர்க்கைகளிலும் மலிவானது, பழைய படத்தை இன்றைய படத்தோடு சேர்ப்பது. அதற்கு வேண்டியது நோயாளியிடமே கிடக்கிறது. “பழைய ஆஞ்சியோ டிஸ்க் இருக்குங்களாய்யா?” என்று மருத்துவர் கேட்கும்போது, “அது எங்கேயோ வீட்ல இருக்குங்க” என்ற பதில்தான் வழக்கமாக வரும். டிஸ்க்கைப் போடுவதற்குக் கணினியில் இடமில்லாத காலம் இது என்பதும் நிஜம். வீட்டில் யாராவது அதை ஒரு பென்டிரைவிலோ, போனிலோ ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்த அன்று தரும் சின்ன அட்டையில் அதன் விட்டமும் நீளமும் மில்லிமீட்டரில் இருக்கும். 2.5 என்றிருந்தால் சாதா சிடி ஸ்கேனுக்கு அனுப்பிப் பயனில்லை என்று அந்த எண்ணே சொல்லிவிடும். 3.5 என்றிருந்தால் அனுப்பலாம். பைபாஸ் செய்தவர் என்றால் எத்தனை கிராஃப்ட், எதெது எந்தக் குழாய்க்கு என்று அறுவைசிகிச்சைக் குறிப்பில் எழுதியிருக்கும். நான்கு ஆண்டுக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் இரண்டு திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், அன்று மைல்டு என்று விட்ட இடம் இன்று எப்படி இருக்கிறது என்று அடுத்த ஸ்கேனுக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.